காசு கொடுத்த கேம் யாருடையது? கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சிறிய கடை என்னுடையது. 2000-களின் தொடக்கத்தில் இதே அறை பிரௌசிங் சென்டராக இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வடசேரியில் பஸ் ஏறுவதற்கு முன் அரைமணி நேரம் சுட்டுத் தள்ளிவிட்டுப் போவதற்கென்றே வரும் பையன்கள் இருந்தார்கள். அவர்களே இன்று தொப்பையும் வீட்டுக்கடனுமாக, தங்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். அன்று “எந்த கேம் நன்றாக இருக்கும், அண்ணே?” என்று கேட்டவர்கள் இன்று “காசு கொடுத்துத்தானே வாங்கினேன், ஏன் திறக்க மாட்டேன் என்கிறது?” என்று கேட்கிறார்கள். ஒரே பதிலை நாளுக்கு நான்கு முறை சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதி வைத்துவிட்டேன்.

பணம் கட்டி வாங்கிவிட்டேன். இனி அந்த கேம் என்னுடையதுதானே?

இல்லை. நீங்கள் வாங்கியது கேமை அல்ல, அதை விளையாடுவதற்கான உரிமத்தை. ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானுக்கு மேலே யாரும் படிக்காத நீளத்தில் ஓடுகிற ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை ஒற்றி வீட்டை வைத்து விளக்கினால் உடனே புரிகிறது. கிரயம் எழுதி வாங்கிய வீடு உங்களுடையது. இடிக்கலாம், விற்கலாம், மகளுக்குக் கொடுக்கலாம். ஒற்றிக்கு எடுத்த வீட்டில் குடியிருக்கலாம், அவ்வளவுதான். ஆனால் ஒற்றிக்காரனுக்கும் ஒரு பலம் உண்டு. வீட்டை ஒழித்துக் கொடுக்கும் நாளில் அவன் கொடுத்த தொகை முழுவதும் கைக்குத் திரும்ப வேண்டும். வராவிட்டால் சாவியைக் கொடுக்க மாட்டான். டிஜிட்டல் கேமில் நம்மிடம் வாங்குவது கிரய விலை. ஒற்றிக்காரனுக்கு உள்ள பலம்கூட நமக்குக் கிடையாது. சாவியும் அவர்கள் இடுப்பிலேயே தொங்குகிறது. என் கோபமெல்லாம் இந்த ஓர் இடத்தில்தான்.

இதை மறைத்து விற்கக்கூடாது என்று கலிஃபோர்னியா மாநிலம் 2024 செப்டம்பரில் சட்டம் கொண்டுவந்தது. உரிமத்தை மட்டும் விற்கிற கடை ‘வாங்கு’ என்ற சொல்லைப் போட்டால், அது வெறும் உரிமம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2025 ஜனவரி 1-இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே, 2024 அக்டோபரில், கம்ப்யூட்டர் கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடை தன் பணம் கட்டும் பக்கத்தில் அந்த வரியைச் சேர்த்துவிட்டது. அடுத்த முறை வாங்கும்போது பொத்தானுக்குப் பக்கத்தில் பாருங்கள். சிறிய எழுத்தில் இருக்கும்.

உண்மையிலேயே யாரிடமிருந்தாவது பிடுங்கியிருக்கிறார்களா, இல்லை சும்மா பயமுறுத்துகிறீர்களா?

யுபிசாஃப்ட் நிறுவனம் 2014 டிசம்பரில் ‘தி க்ரூ’ என்ற கார்ப் பந்தய கேமை வெளியிட்டது. தனியாக விளையாடுவதற்கு ஒரு கதையும் அதில் இருந்தது. ஆனால் எதை விளையாடினாலும் சர்வரோடு, அதாவது நிறுவனம் நடத்தும் கம்ப்யூட்டரோடு, இணையம் வழியாகப் பேசியாக வேண்டும் என்று கட்டியிருந்தார்கள். 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள். 2024 மார்ச் 31-இல் சர்வரை அணைத்தார்கள். காசு கொடுத்து வட்டு வாங்கி அலமாரியில் வைத்திருந்தவருக்கும் அன்றோடு அது வெறும் பிளாஸ்டிக். பிறகு பலருடைய கணக்கிலிருந்து உரிமத்தையும் நீக்கிவிட்டார்கள்.

இதைப் பார்த்துக் கொதித்த ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர், கேம்களைக் கொல்வதை நிறுத்துங்கள் என்ற இயக்கத்தை 2024 ஏப்ரலில் தொடங்கினார். ‘காலம் முழுவதும் சர்வரை ஓட்டு’ என்று அவர்கள் கேட்கவில்லை. கடையை மூடும்போது, வாங்கியவன் தன் வீட்டில் தொடர்ந்து விளையாடும்படி ஒரு வழியை விட்டுவிட்டு மூடு என்பதுதான் கோரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்பிய மனுவில் 2025 ஜூலையில் கையெழுத்துகள் 10 லட்சத்தைத் தாண்டின. பிரிட்டன் நாடாளுமன்றத்திலும் அதே ஆண்டு நவம்பரில் இதைப் பற்றி விவாதித்தார்கள். நம் நாட்டில் இதற்கு ஒரு கேள்விகூட எழவில்லை. இங்கே கேம் என்றாலே பிள்ளைகளைக் கெடுக்கிற வஸ்து. அதை வாங்கியவனுக்கு உரிமை உண்டு என்ற நினைப்பே இன்னும் பிறக்கவில்லை.

சத்தம் போட்டதற்குப் பலன் இல்லாமல் இல்லை. ‘தி க்ரூ’வின் அடுத்த இரண்டு பாகங்களுக்கும் இணையம் இல்லாமல் விளையாடும் வழி செய்து தருவதாக யுபிசாஃப்ட் 2024 செப்டம்பரில் அறிவித்தது.

பப்ஜியில் என் மகன் போட்ட பணம் போய்விட்டதே, அதுவும் இதே கதைதானா?

பாதி. பப்ஜி மொபைலை 2020 செப்டம்பர் 2-இல் தடை செய்தது மத்திய அரசு. நிறுவனம் தானாக மூடவில்லை. பிறகு 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்தது. பழைய கணக்கில் இருந்தவற்றை மாற்றிக்கொள்ளச் சில காலம் வழி கொடுத்தார்கள். அதைத் தவறவிட்டவர்களுக்குத் துப்பாக்கிக்குப் பூசிய வண்ணமும் சட்டையும் தொப்பியும் போனதுதான். 2022 ஜூலையில் அதுவும் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதம் மறுபடி வந்தது. ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் தடையானது. மூடுவது அரசாக இருந்தாலும் நிறுவனமாக இருந்தாலும் வாங்கியவன் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை என்பதில் இரண்டும் ஒன்றுதான். இலவச கேமில் தொப்பி வாங்கப் பணம் கொடுக்கிறீர்கள் என்றால், சித்திரைப் பொருட்காட்சியில் ராட்டினம் ஏறக் கொடுத்த காசாக நினைத்துக் கொடுங்கள்.

திருட்டைத் தடுக்கத்தானே பூட்டுப் போடுகிறார்கள்? அதில் என்ன குறை காண்கிறீர்கள்?

திருட்டுப் பிரதி ஓடாதபடி கேமுக்குள் வைக்கும் தடையைத்தான் பூட்டு என்கிறோம். அதைப் போடுவதில் எனக்குக் குறை இல்லை. பூட்டின் வலி யாருக்கு என்பதுதான் கேள்வி. களவுக்குப் பயந்து தென்னை மூட்டில் முள் கட்டுவார்கள். களவாணி முள்ளை அறுத்துவிட்டு ஏறிவிடுவான். கீறல் படுவது, கூலிக்குத் தேங்காய் வெட்ட நேர்வழியில் வருகிறவனுக்கு. கேம் பூட்டுகளின் வரலாறு முழுவதும் இந்த முள் கதைதான்.

முதலில் பூட்டு எளிமையாக இருந்தது. ‘கையேட்டின் 12-ஆம் பக்கத்தில் மூன்றாம் வரியில் நான்காம் சொல் என்ன?’ என்று கேம் கேட்கும். கையேடு இருந்தால் தட்டச்சு செய்யலாம். ஜெராக்ஸ் கடைகள் பெருகியதும் அது பயனற்றுப் போனது. அப்புறம் வட்டு உள்ளே இருந்தால்தான் ஓடும் என்றார்கள். அதற்குப் பிறகு வந்தவை உங்கள் விண்டோஸுக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்துகொள்ளும் மென்பொருள்கள்.

2008 செப்டம்பரில் ‘ஸ்போர்’ வந்தது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்டது. உயிர்கள் தோன்றி வளர்வதை நாமே நடத்திப் பார்க்கும் அருமையான யோசனை. ஆனால் செக்யூராம் என்ற பூட்டோடு வந்தது. மூன்று கம்ப்யூட்டரில் மட்டுமே செயல்படுத்த முடியும். நான்காவதற்கு அவர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கெஞ்ச வேண்டும். அமேசானில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒற்றை நட்சத்திரம் போட்டுக் கோபத்தைக் காட்டினார்கள். மூன்றை ஐந்தாக்கினார்கள். இத்தனை பூட்டுக்கும் பலன் என்ன? அந்த ஆண்டில் மிக அதிகமாகத் திருட்டுத்தனமாகப் பதிவிறக்கப்பட்ட கேமும் ‘ஸ்போர்’தான் என்று டோரன்ட்ஃபிரீக் தளம் கணக்கிட்டது.

2010-இல் யுபிசாஃப்ட் ஒருபடி மேலே போனது. தனியாக விளையாடினாலும் இணையம் இடைவிடாமல் இருக்க வேண்டும். நடுவில் அறுந்தால் கேம் அப்படியே நிற்கும். அந்த மார்ச் மாதத்தில் அவர்களுடைய சர்வரை யாரோ தாக்கியபோது, ‘அசாசின்ஸ் கிரீட் 2’-ஐக் காசு கொடுத்து வாங்கியவர்கள் உள்ளே நுழைய முடியாமல் தவித்தார்கள். 2013 மார்ச்சில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் ‘சிம்சிட்டி’க்கும் அதே கதி. சர்வர் தாங்காமல் வெளியான வாரமே படுத்துவிட்டது. இணையம் இல்லாமல் இந்த கேமை ஓட்டவே முடியாது என்றார்கள். மறு ஆண்டு மார்ச்சில் அவர்களே இணையமில்லாமல் ஓடும் வசதியைக் கொடுத்தார்கள்.

இப்போது எல்லோரும் திட்டுவது டெனுவோவை. ஆஸ்திரியாவைச் சேர்ந்த இந்தப் பூட்டு 2014-இல் வந்தது. உடைப்பது மிகவும் கடினம் என்பது உண்மை. சில கேம்கள் மாதக்கணக்கில் உடைபடாமல் இருந்தன. வெளியான முதல் சில வாரங்களில்தான் விற்பனை அதிகம் நடக்கிறது, அதுவரை பூட்டு தாங்கினால் போதும் என்பது நிறுவனங்களின் கணக்கு. கடைக்காரனாக அந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. மாங்காய் முதல் காய்ப்பில் காவல் வைப்பது போல. ஆனால் காய்ப்பு முடிந்து ஆறு ஆண்டு ஆன பிறகும் காவல்காரன் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நம்மையே சோதித்துக்கொண்டிருந்தால்?

கேமின் வேகத்தைப் பூட்டு குறைக்கிறதா என்ற சண்டை வேறு. எல்லா கேமிலும் அப்படி என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 2021-இல் ‘ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்’ கம்ப்யூட்டரில் சண்டைக் காட்சிகளில் திக்கித் திக்கி ஓடியது. பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி வழுக்கிக்கொண்டு ஓடியது. டிஜிட்டல் ஃபவுண்டரி என்ற தொழில்நுட்பக் குழுவினர் இரண்டையும் ஒப்பிட்டு அதை உறுதி செய்தார்கள். அந்த ஜூலையிலேயே கேமை வெளியிட்ட கேப்காம் திருத்தம் கொடுத்தது. காசு கொடுத்தவனுக்குக் கல் அரிசி, களவாணிக்குப் பொன்னி அரிசி.

வீட்டில் இணையம் போனால், நான் ஒருவனாக விளையாடுகிற கேம்கூட ஏன் திறப்பதில்லை?

மேலே சொன்ன அதே காரணம்தான். அதை நான் நேரில் புரிந்துகொண்டது ஒக்கிப் புயலின்போது.

2017 நவம்பர் 30. ரப்பரும் வாழையும் சாய்ந்து, மின்கம்பங்கள் வரிசையாக விழுந்து கிடந்தன. எத்தனையோ ஊர்களுக்கு ஒரு வாரத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. அந்த நாட்களில் கேமைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள் என்று நீங்கள் கேட்கலாம். கடற்கரையில் ஆட்கள் திரும்பி வராமல் ஊரே கதறிக்கொண்டிருந்தபோது நானும் கவலைப்படவில்லை. ஆனால் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். வீட்டுக்கு மின்சாரம் வந்துவிட்டது, இணையம் வரவில்லை. தம்பி தங்கைகள் பயந்து போயிருக்கிறார்கள், இரவில் எதையாவது போட்டுக் காட்டலாம் என்றால் கேம் திறக்கவில்லை. பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் வாங்கியது. தனியாக விளையாடும் கேம். முழுவதும் வன்தட்டில் இருக்கிறது. ‘சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை’ என்று ஒற்றை வரி காட்டிவிட்டு மூடிக்கொண்டது.

“பக்கத்து வீட்டில் இதே கேமைக் கிராக் போட்டு, அதாவது பூட்டை உடைத்து, வைத்திருக்கிறான், அவனுக்கு ஓடுகிறது, அண்ணே” என்றான். எனக்குப் பதில் இல்லை. கடையில் வந்திருந்த இணையத்தில் ஒருமுறை நுழைய வைத்து அனுப்பினேன். அந்த வெளியீட்டு நிறுவனத்துக்கு ஒரு கடிதமும் எழுதினேன். இணைய இணைப்பைச் சரிபார்க்கவும் என்று பதில் வந்தது.

அப்படியானால் இணையம் போவதற்கு முன் என்ன செய்து வைக்க வேண்டும்?

ஸ்டீமில் இணையம் இல்லாமல் ஓடும் நிலை உண்டு. அதற்குக் கடவுச்சொல்லை நினைவில் வைக்கச் சொல்லி உள்ளே நுழைந்திருக்க வேண்டும். கேம் முழுவதும் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். இணையம் இருக்கும்போதே ஒருமுறை திறந்து பார்த்திருக்க வேண்டும். டெனுவோ போன்ற பூட்டுள்ளவற்றுக்கு இந்தக் கடைசிப் படி கட்டாயம். ஸ்டீமில் வாங்கினாலும் சில கேம்கள் வெளியீட்டு நிறுவனத்தின் தனிக் கணக்கையும் கேட்கும். அவை இணையமில்லாமல் எப்போது முரண்டு பிடிக்கும் என்று சொல்ல முடியாது. ஐப்பசி மழைக்கு முன் பரணில் விறகு அடுக்குவது போல, இதையும் ஒருநாள் உட்கார்ந்து செய்து வையுங்கள். இடி இடித்தால் ரூட்டரின் வயரைப் பிடுங்கிவிடுங்கள். இதற்கும் கேமுக்கும் சம்பந்தம் இல்லை; ஆனால் ஒவ்வொரு துலாமழையிலும் பத்து ரூட்டராவது கருகி என் மேஜைக்கு வருகிறது.

என் பழைய அசல் சிடி விண்டோஸ் 10-இல் ஓடவில்லை. சிடி கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. 2000-களில் வந்த பல கேம்களில் சேஃப்டிஸ்க் என்ற பூட்டு இருந்தது. அதை இயக்கும் டிரைவர் என்ற துணை மென்பொருள் விண்டோஸுக்குள்ளேயே இருந்தது. அதில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் 2015-இல் வெளியான விண்டோஸ் 10-இல் மைக்ரோசாஃப்ட் அதை எடுத்துவிட்டது. பழைய விண்டோஸ்களிலும் அதே ஆண்டு செப்டம்பரில் ஒரு பாதுகாப்புத் திருத்தத்தால் முடக்கியது. மைக்ரோசாஃப்ட் செய்தது சரி. ஆனால் விளைவைப் பாருங்கள்: கீறல் விழாத அசல் வட்டு, அசல் பெட்டி, அசல் ரசீது, எல்லாம் இருந்தும் பூட்டுக்குச் சாவி இல்லை. பூட்டைச் செய்த நிறுவனமோ விற்ற நிறுவனமோ வந்து திறந்து தரவும் இல்லை.

கடையில் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை இதற்காகவே வைத்திருக்கிறேன். அதில் போட்டுப் பார்க்கலாம். அதே கேம் ஜிஓஜி தளத்தில் பூட்டு நீக்கி விற்பனைக்கு இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள். இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைப்பது உண்டு. ஏற்கெனவே வாங்கியதை இரண்டாவது முறை ஏன் வாங்க வேண்டும் என்று கேட்டால், நியாயமான கேள்வி.

பெட்டியில் வாங்கினால் பத்திரம்தானே?

முன்பு அப்படி. ‘ஜிடிஏ 5’ 2015-இல் கம்ப்யூட்டருக்கு வந்தபோது பெட்டிக்குள் ஏழு டிவிடி இருந்தது. அப்போதும் இணையத்தில் செயல்படுத்தியாக வேண்டும். இப்போது கம்ப்யூட்டர் கேம் பெட்டியைத் திறந்தால் ஓர் எண் அச்சிட்ட தாள்தான் இருக்கும். நின்டெண்டோ ஸ்விட்ச் 2-க்கு வரும் சில அட்டைகளில் கேமே இல்லை. அட்டையைச் செருகிவிட்டு இணையத்திலிருந்து இறக்க வேண்டும். பிளேஸ்டேஷன் வட்டுகள் இன்னும் ஓரளவு மரியாதையோடு இருக்கின்றன. விளையாடி முடித்ததும் விற்கலாம், நண்பனுக்குக் கொடுக்கலாம்.

ஒரு கேமே 150 ஜிபி என்கிறார்கள். கைப்பேசி இணையத்தில் இறக்க முடியுமா?

நாளுக்கு 2 ஜிபி திட்டம் என்றால் 75 நாள். வேறு எதுவும் பார்க்காமல் இருந்தால். 30 எம்பிபிஎஸ் ஃபைபர் இருந்தால், வேகம் முழுவதும் கிடைக்கிற கனவில், பதினொரு மணி நேரம். மலையோரத்தில் குலசேகரம், திற்பரப்புப் பக்கத்தில் இருக்கிறவர்கள் வன்தட்டைக் கொண்டுவந்து நகரத்தில் உள்ள நண்பன் வீட்டில் இறக்கிக்கொண்டு போகிறார்கள். ஸ்டீம் கோப்புகளை அப்படி எடுத்துப்போய் வேறு கம்ப்யூட்டரில் வைத்து உங்கள் கணக்கில் திறக்கலாம். அதில் தவறு எதுவும் இல்லை.

நீங்களே கிராக் போட்டுத் தருவீர்களா?

மாட்டேன். இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று பழைய வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். ஒரு காலத்தில் வெள்ளை உறையில் ஸ்கெட்ச் பேனாவால் பெயர் எழுதிய சிடிக்களை நானும் விற்றேன். அன்று அசல் இந்த ஊருக்கு வரவே வராது. வந்தாலும் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கேட்கும். அது சமாதானம், நியாயம் அல்ல.

இன்று ஸ்டீமில் 2015 முதல் ரூபாயில் விலை இருக்கிறது. பெரிய கேம் வெளியாகும்போது நாலாயிரம் ஐயாயிரம் என்று இன்னும் கண்ணைக் கட்டுகிறது. ஆனால் பொறுத்திருந்தால் ஓரிரு ஆண்டில் தள்ளுபடியில் ஆயிரத்துக்குள் வந்துவிடும். பூட்டும் சில சமயம் அதற்குள் நீக்கப்பட்டிருக்கும். பொறுத்தவனுக்கு மலிவாகவும் கிடைக்கிறது, திருத்தங்களும் முடிந்திருக்கின்றன. முன்பதிவு செய்து முதல்நாள் வாங்குகிறவன்தான் சோதனை எலி.

கிராக்கை மறுப்பதற்கு இன்னொரு காரணம், என் மேஜைக்கு வரும் லேப்டாப்கள். ரான்சம்வேர் என்பது நம் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மென்பொருள். அதில் ஸ்டாப் என்றும் டிஜேவு என்றும் அழைக்கப்படுவது பெரும்பாலும் கிராக் கோப்புகள், போலி உரிம எண் தயாரிக்கும் கீஜென் கோப்புகள் வழியாகவே வீட்டுக் கம்ப்யூட்டர்களில் நுழைகிறது. தக்கலையிலிருந்து வந்த ஒருவருடைய வன்தட்டில் திருமணப் படங்கள் அத்தனையும் பூட்டப்பட்டுக் கிடந்தன. மகன் கால்பந்து கேமுக்காக எதையோ இறக்கியிருந்தான். படங்கள் திரும்பி வரவில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்துவது குற்றம். 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதற்கு இரண்டாண்டு வரை சிறை என்கிறது. அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு, முறையாக வைத்திருக்கும் மென்பொருள் கெட்டுப்போகாமல் இருக்கக் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ளவும் அனுமதிக்கிறது. இந்தக் கடைசிச் செய்தி யாருக்கும் தெரிவதில்லை.

இன்ஸ்டாகிராமில் 199 ரூபாய்க்குப் புதிய கேம் விற்கிறார்களே, அசல்தான் என்கிறார்கள்?

கேம் அசல், கணக்கு அவர்களுடையது. ஒரே கணக்கை நூறு பேருக்கு விற்று, உள்ளே நுழைந்து பதிவிறக்கிவிட்டு இணையமில்லா நிலைக்குப் போகச் சொல்வார்கள். டெனுவோ பூட்டுள்ள கேமை 24 மணி நேரத்துக்குள் ஐந்து கம்ப்யூட்டருக்கு மேல் செயல்படுத்த முடியாது. அதனால்தான் “நாளை காலை வாருங்கள், இன்றைய இடம் நிறைந்துவிட்டது” என்கிறார்கள். விண்டோஸ் புதுப்பித்தால் மறுபடி அவர்களிடம் கையேந்த வேண்டும். கணக்கு முடக்கப்பட்டால் விற்றவனின் எண் அணைந்திருக்கும். 199 ரூபாய்க்கு வடசேரியில் நல்ல மட்டி வாழைக்குலை ஒன்று கிடைக்கிறதா பாருங்கள்.

வீட்டில் அண்ணன் தம்பி இருந்தால் ஸ்டீமின் குடும்ப வசதியைப் பயன்படுத்துங்கள். ஆறு பேர் வரை சேரலாம். ஒருவர் வாங்கிய பெரும்பாலான கேம்களை மற்றவரும் தன் கணக்கிலேயே விளையாடலாம். இது நேர்வழி, கூடுதல் செலவும் இல்லை.

அண்ணன் சவூதியிலிருந்து பிளேஸ்டேஷனோடு வந்துவிட்டான். கணக்கை இந்தியாவுக்கு மாற்ற முடியுமா?

இந்த மாவட்டத்தில் என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். கணக்கு தொடங்கும்போது கொடுத்த நாட்டைப் பிளேஸ்டேஷனில் மாற்ற முடியாது. அந்தக் கணக்கில் வாங்கியவற்றை இங்கே விளையாடலாம். ஆனால் நம் வங்கி அட்டையால் அங்கே புதிதாக எதுவும் வாங்க முடியாது. இந்தியக் கணக்கைப் புதிதாகத் தொடங்கி, பழையதையும் அதே கருவியில் வைத்துக்கொள்ளுங்கள். வளைகுடாவில் வாங்கிய வட்டுகள் இங்கே ஓடும். ஆனால் வட்டு எந்தப் பிராந்தியமோ, கூடுதல் பாகங்களும் அதே பிராந்தியக் கணக்கிலேதான் வாங்க வேண்டும். இங்கே வாங்கியதைப் பொருத்தினால் பொருந்தாது. எட்டு வருடம் வெயிலில் உழைத்துவிட்டுத் திரும்பியவனிடம் ‘நீ இன்னும் ரியாத்தில்தான் இருக்கிறாய்’ என்று அடம்பிடிக்கிறது அந்தக் கணக்கு.

கடற்கரை ஊர்க்காரர்கள் கருவியைச் சன்னலோரம் வைக்காதீர்கள். உப்புக்காற்று போர்டைத் தின்றுவிடும்.

பிடிக்கவில்லை என்றால் பணம் திரும்பக் கிடைக்குமா?

ஸ்டீம்: வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது இரண்டு மணி நேரத்துக்குள். எபிக் கடையிலும் ஏறக்குறைய இதுவே. ஜிஓஜி: 30 நாள். பிளேஸ்டேஷன்: 14 நாள், ஆனால் பதிவிறக்கத் தொடங்கிவிட்டால் பொதுவாகக் கிடையாது. பொட்டலத்தைப் பிரிக்காமல் மீன் நல்லதா என்று முகர்ந்து பார்க்கச் சொல்வது போன்றது இது.

ஏமாற்றப்பட்டால் எங்கே புகார் செய்வது?

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் தீராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டத்தின்படி, நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ரசீது மின்னஞ்சல்களை அழிக்காதீர்கள். விற்பனைப் பக்கத்தில் என்ன வாக்குறுதி இருந்தது என்பதையும் படம் எடுத்து வையுங்கள், அது பிறகு மாறிவிடும். இரண்டாயிரம் ரூபாய் கேமுக்கு இத்தனை நடையா என்று எல்லோரும் கேட்டு விட்டுவிடுகிறார்கள். நிறுவனங்களும் அதை நம்பித்தான் இருக்கின்றன.

பூட்டே இல்லாமல் யாராவது விற்கிறார்களா?

விற்கிறார்கள். மேலே சொன்ன ஜிஓஜி, 2008 முதல். போலந்தின் சிடி புரொஜெக்ட் தொடங்கியது. அங்கே வாங்கினால் நிறுவும் கோப்பை இறக்கி உங்கள் வன்தட்டில் வைத்துக்கொள்ளலாம். நாளை அந்தக் கடையே மூடினாலும் அது ஓடும். ஒப்பந்தத்தில் அங்கேயும் ‘உரிமம்’ என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் சாவி நம் இடுப்பில். சிடி புரொஜெக்ட் தன் ‘விட்சர் 3’ கேமை 2015-இல் இப்படிப் பூட்டில்லாமல் ஜிஓஜியில் விற்றது. எல்லாக் கருவிகளிலும் சேர்த்து அது 5 கோடிப் பிரதிகளைத் தாண்டியதாக 2023-இல் அறிவித்தார்கள். பூட்டில்லாவிட்டால் திவாலாகிவிடுவோம் என்று சொல்கிறவர்களிடம் நான் இந்த எண்ணைத்தான் சொல்வேன்.

வெளியாகும் நாளிலேயே பெரிய கேம்கள் எல்லாம் அங்கே வருவதில்லை. அதுதான் குறை.

என் காலத்துக்குப் பிறகு கணக்கை மகனுக்கு எழுதி வைக்கலாமா?

ஸ்டீம் கணக்கை உயில் மூலம் மாற்ற முடியாது என்று அந்த நிறுவனம் 2024-இல் ஒரு பயனருக்குச் சொன்ன பதில் உலகமெங்கும் பேசப்பட்டது. ஒப்பந்தமும் அப்படியே சொல்கிறது. கடவுச்சொல்லை ஒரு டைரியில் எழுதி வைப்பது உங்கள் குடும்ப விஷயம். நான் எதுவும் சொல்லவில்லை.

வீட்டில் பழைய கேம் சிடிக்கள் ஒரு பெட்டி கிடக்கிறது. பழைய சாமான் எடுக்கும் ஆக்கர்க்காரனிடம் போடலாமா?

போடாதீர்கள். 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று எங்கும் விற்பனையில் இல்லை என்று அங்குள்ள வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-இல் ஆய்வு செய்து சொன்னது. உங்கள் பரணில் கிடப்பதில் ஒன்று அந்த வகையாக இருக்கலாம். கடைக்குக் கொண்டுவாருங்கள், எக்ஸ்பி கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்போம். ஓடுகிறவற்றுக்கு நீங்களே காப்புப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். வேண்டாதவற்றை நான் வாங்கிக்கொள்கிறேன். பூஞ்சை பிடித்திருந்தால் துணியால் துடைக்காமல் அப்படியே கொண்டுவாருங்கள். கையேட்டின் பின்னட்டையில் ஒட்டியிருக்கும் எண்ணைக் கிழித்துவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் வட்டு இருந்தும் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.